முன்னாள் படைவீரர் முன்னுரிமை (ஐக்கிய அமெரிக்கா)

முன்னாள் படைவீரர் முன்னுரிமை என்பது ஐக்கிய அமெரிக்காவில் படைப்பணியை நன்னடத்தையுடன் முடித்து வெளியேறியவர்களுக்கு அரசுப் பணி நியமனத்திலும் ஆட்குறைப்பின் போதும் சட்டப்படி அளிக்கப்படும் முன்னுரிமை ஆகும். நடுவண் அரசில் இது 1865 ஆம் ஆண்டு முதல் ஏதேனும் ஒரு வடிவில் இருந்து வருகின்றது. இன்றைய முறைக்கு அடிப்படையாக அமைந்தது 1944 ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் முன்னுரிமைச் சட்டம் ஆகும். மாநில அரசுகள் தமக்கெனத் தனிச் சட்டங்களை வைத்துள்ளன. அவற்றுள் சில நடுவண் அரசின் சட்டத்தைவிடக் கடுமையானவை.

இம்முறையை இடஒதுக்கீட்டுடன் குழப்பிக்கொள்ளுதல் ஆகாது. இந்தியாவில் முன்னாள் படைவீரருக்கு நடுவண் அரசுப் பணியிடங்களில் குறிப்பிட்ட விழுக்காடு ஒதுக்கப்படுகின்றது. 1979 ஆம் ஆண்டின் விதிகள் 'சி' பிரிவில் 10 விழுக்காட்டையும் 'டி' பிரிவில் 20 விழுக்காட்டையும் ஒதுக்கின. அமெரிக்க முறையில் பொதுவாக அத்தகைய ஒதுக்கீடு இல்லை. அங்கு எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்; படைவீரர் அவ்வரிசையில் முன்னே நகர்த்தப்படுகின்றார். ஒருவர் முன்னே நகர்ந்தால் வேறொருவர் பின்னே தள்ளப்படுவார் என்பதால், பின்னே தள்ளப்படுபவர் யார் என்ற கேள்வி இச்சட்டத்தின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வந்துள்ளது.

தோற்றம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவடையும் தறுவாயில், 1865 மார்ச் 3 அன்று, அமெரிக்கக் காங்கிரசு ஒரு கூட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரில் பெற்ற காயத்தினாலோ நோயினாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள், பணிக்குத் தேவையான திறமை உடையவர்களாயின், அரசுப் பணிகளில் அவர்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என அது கூறியது. நலமாக வீடு திரும்பிய வீரருக்கு அதில் எவ்விதச் சலுகையும் இல்லை. உடல் நலத்தை இழந்தவருக்கு ஈடு செய்வதே அன்றைய நோக்கமாக இருந்தது. 1876 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆட்குறைப்பு நேரும்போது படைவீரர்களையும், இறந்த வீரர்களின் மனைவியரையும் பிள்ளைகளையும் பணியில் நிறுத்திவைக்க முன்னுரிமை அளித்தது.

அக்காலத்தில் அரசுப் பணிகள் பெரும்பாலும் கட்சிச் சார்பினாலேயே கிடைத்தன. 1883 ஆம் ஆண்டின் பெண்டில்டன் சட்டம் இதனை மாற்றிப் போட்டித் தேர்வு முறையைக் கொண்டுவந்தது. தகுதியே அளவுகோல் என்று அறிவித்த அச்சட்டம், 1865 ஆம் ஆண்டின் முன்னுரிமையைத் தொடாமல் அப்படியே விட்டுவைத்தது. ஒன்றுக்கொன்று முரணான இரு கொள்கைகள் அன்று முதல் ஒரே சட்டத்திற்குள் வாழ்ந்து வருகின்றன. 1888 இல் குடிசார் பணி ஆணையம் ஊனமுற்ற படைவீரருக்கான தேர்ச்சி மதிப்பெண்ணை 65 ஆகக் குறைத்தது. மற்றவர்களுக்கு அது 70 ஆக இருந்தது. தேர்ச்சி பெற்ற ஊனமுற்ற வீரர் பட்டியலின் தலைப்பகுதிக்குச் சென்றார்.

முதலாம் உலகப் போருக்குப் பின் 1919 இல் இயற்றப்பட்ட சட்டம் இச்சலுகையை ஊனமில்லாத வீரர்களுக்கும் விரிவாக்கியது. இறந்த வீரரின் மனைவியும், ஊனத்தினால் பணியேற்க இயலாத வீரரின் மனைவியும் இதில் சேர்க்கப்பட்டனர். ஈடு செய்தல் என்ற கருத்து நன்றி செலுத்துதல் என்ற கருத்தாக மாறியது இந்த ஆண்டில்தான் எனலாம். 1923 ஆம் ஆண்டின் நிறைவேற்று ஆணை ஒன்று முதன்முறையாகத் தேர்வு மதிப்பெண்ணுடன் கூடுதல் மதிப்பெண் சேர்க்கும் முறையைப் புகுத்தியது. ஊனமுற்ற வீரருக்கு 10, பிறருக்கு 5 என்ற அளவு அப்போது வகுக்கப்பட்டது. ஊனமுற்றோரைப் பட்டியலின் தலைப்பில் வைக்கும் வழக்கம் இவ்வாணையால் நின்றுபோயிற்று. 1929 இல் மற்றோர் ஆணை அதனை மீட்டளித்தது.

1944 ஆம் ஆண்டுச் சட்டம்

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் அமெரிக்கர் படைப்பணி ஆற்றினர். இவர்கள் திரும்பி வரும்போது வேலையின்மை பெருகும் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் 1944 சூன் 22 அன்று, வீரர்களுக்குக் கல்வி உதவியும் வீட்டுக்கடன் உறுதியும் அளித்த புகழ்பெற்ற ஜி.ஐ. சட்டத்தில் கையொப்பமிட்டார். ஐந்து நாள் கழித்து, சூன் 27 அன்று, முன்னாள் படைவீரர் முன்னுரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். முதலாவது சட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இரண்டாவது சட்டம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆயினும் அரசு அலுவலகங்களின் தோற்றத்தையே மாற்றியது அதுதான். 1940களின் இறுதியில் நடுவண் அரசின் குடிசார் ஊழியருள் ஏறத்தாழ பாதிப்பேர் முன்னாள் படைவீரராக இருந்தனர்.

அதுவரை ஆணைகளிலும் விதிகளிலும் சிதறிக் கிடந்த சலுகைகள் இச்சட்டத்தால் ஒன்று சேர்க்கப்பட்டன. அதனால் நிறைவேற்று ஆணையொன்றின் மூலம் அவற்றை எளிதில் நீக்க இயலாத நிலை உருவாயிற்று. காவலர், மின்தூக்கி இயக்குநர், கடைநிலைத் தூதுப் பணியாளர், கட்டடப் பராமரிப்பாளர் ஆகிய நான்கு வகைப் பணிகளுக்கான தேர்வுகளில், முன்னுரிமை உடையோர் கிடைக்கும் வரை, பிறர் போட்டியிட முடியாது என்றும் அது விதித்தது. மேற்கூறியவாறு ஒதுக்கீடு இல்லாத இம்முறையில் ஒதுக்கீட்டை ஒத்த பகுதி இது ஒன்றே.

தொடக்கத்தில், கூடுதல் மதிப்பெண்ணைச் சேர்த்தே தேர்ச்சி கணக்கிடப்பட்டது. தேர்ச்சி மதிப்பெண்ணைத் தம் முயற்சியால் பெற்ற பின்னரே கூடுதல் மதிப்பெண் சேர்க்கப்படும் என்று 1953 இல் திருத்தம் செய்யப்பட்டது. கொரியப் போர், வியட்நாம் போர் ஆகியவற்றில் பணியாற்றியோர் பின்வந்த திருத்தங்களால் சேர்க்கப்பட்டனர். கட்டாயப் படைச்சேர்ப்பு 1973 இல் முடிவுற்ற பின், விருப்பத்தின் பேரில் ஊதியத்திற்குச் சேர்ந்தோருக்கும் இச்சலுகை தேவையா என்ற வினா எழுந்தது. இதன் விளைவாக 1976 அக்டோபருக்குப் பின் அமைதிக் காலத்தில் மட்டும் பணியாற்றியோர் பொதுவாக விலக்கப்பட்டனர்.

முன்னுரிமை பெறுவோர்

படையில் இருந்தவர் அனைவரும் இச்சலுகை பெறுவதில்லை. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட விதம் நன்மதிப்புடையதாக இருத்தல் முதல் நிபந்தனை. ஒழுங்கு நடவடிக்கையால் இழிவான முறையில் வெளியேற்றப்பட்டவருக்கு, அவர் எத்தனை போர்க்களங்களைக் கண்டிருந்தாலும், முன்னுரிமை இல்லை. அடுத்து, பணியாற்றிய காலம் பார்க்கப்படுகின்றது. அறிவிக்கப்பட்ட போர்க்காலம், பதக்கம் வழங்கப்பட்ட படை நடவடிக்கை, 1990 ஆகஸ்டு 2 முதல் 1992 சனவரி 2 வரையிலான வளைகுடாப் போர்க் காலம் முதலியன தகுதியான காலங்கள் ஆகும். 2001 செப்டம்பர் 11 முதல் 2010 ஆகஸ்டு 31 வரையிலான காலப்பகுதியில் ஒரு பகுதியேனும் அமையுமாறு தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் செயற்பணியில் இருந்தோரும் தகுதி பெறுவர். ஊனமுற்ற வீரருக்குக் காலக் கட்டுப்பாடு இல்லை.

மேஜர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் ஊனமுற்றவராக இருந்தாலன்றி 1978 ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னுரிமை பெறார். கடற்படையில் இதற்கிணையான தரம் லெப்டினன்ட் கமாண்டர் ஆகும். ஓய்வூதியம் பெறும் உயர் அதிகாரிகள் அதே அமைச்சகங்களில் குடிசார் பதவிகளையும் ஏற்பது குறித்த மனக்குறையே இவ்விலக்கிற்குக் காரணம்.

வீரர் இறந்துவிட்டாலோ முற்றிலும் செயலிழந்துவிட்டாலோ அவருடைய கணவர் அல்லது மனைவியும், சில நிபந்தனைகளுடன் தாயும் 10 மதிப்பெண் பெறுவர். தாய்க்கு மட்டும் இருந்த இவ்வுரிமை 2016 இல் தந்தைக்கும் வழங்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விந்தையான ஒரு வகையை உண்டாக்கியது. உடன்பிறந்தோர் அல்லது பெற்றோர் படையில் உயிரிழந்ததால் குடும்பத்தின் எஞ்சிய ஒரே பிள்ளையாக விடுவிக்கப்பட்டவருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. ஆனால் சம மதிப்பெண் பெற்ற பிறருக்கு முன்னே இடம் உண்டு. இதனைச் சுழிய மதிப்பெண் முன்னுரிமை என்பர்.

செயல்படும் விதம்

நெடுங்காலம் வழக்கில் இருந்தது 'மூவர் விதி' ஆகும். தேர்வெழுதியோர் மதிப்பெண் வரிசையில் அடுக்கப்படுவர். முதல் மூன்று பெயர்களே நியமன அதிகாரியிடம் அனுப்பப்படும். அவர் அம்மூவருள் ஒருவரைத் தெரிவு செய்வார். எடுத்துக்காட்டாக, படையில் சேராத மூவர் 94, 93, 92 மதிப்பெண்களும், முன்னாள் படைவீரர் ஒருவர் 89 மதிப்பெண்ணும் பெற்றுள்ளதாகக் கொள்வோம். வீரருக்கு 5 மதிப்பெண் சேர்ந்து 94 ஆகிறது. சம மதிப்பெண் எனில் வீரருக்கே முன்னிடம் என்பதால் அவர் முதலாவதாக வருகின்றார். 92 பெற்றவர் நான்காம் இடத்திற்கு இறங்கி, நியமன அதிகாரியின் பார்வைக்கே வராமல் போகின்றார். இனி, பணியின் காரணமாக ஊனமுற்று அதற்கு இழப்பீடு பெறும் வீரர் ஒருவர் 72 மட்டுமே பெற்றிருந்தாலும், அவர் 94 பெற்றவர்களுக்கும் மேலே வைக்கப்படுவார். உயர்தர அறிவியல், தொழில்முறைப் பணிகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

மூவருள் மேலே உள்ள வீரரை ஒதுக்கிவிட்டுக் கீழே உள்ள பிறரை நியமிக்க விரும்பும் அதிகாரி, எழுத்து மூலம் காரணம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். 30 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனம் உடைய வீரராயின், அவருக்கு முன்னறிவிப்பும் விளக்கம் கூற வாய்ப்பும் அளித்தாக வேண்டும். இந்நடைமுறையைத் தவிர்க்க விரும்பிய அலுவலகங்கள் பட்டியலைப் பயன்படுத்தாமலேயே திருப்பி அனுப்புவதும், பணியிடத்தை வேறு வழியில் நிரப்புவதும் உண்டு. படைவீரர் அமைப்புகளின் முறையீடுகளில் இது நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது.

2002 ஆம் ஆண்டுச் சட்டம் மூவர் விதிக்கு மாற்றாக வகைப்படுத்தல் முறையை அனுமதித்தது. இதில் விண்ணப்பதாரர்கள் எண் வரிசையில் அன்றி 'மிகச் சிறந்தோர்', 'சிறந்தோர்', 'தகுதியுடையோர்' போன்ற குழுக்களாகப் பிரிக்கப்படுவர். கூடுதல் மதிப்பெண் என்பதே இங்கு இல்லை. படைவீரர் தாம் இருக்கும் குழுவின் தலைப்பில் வைக்கப்படுவார். இழப்பீடு பெறும் ஊனமுற்ற வீரர் பெரும்பாலான பணிகளில் முதல் குழுவிற்கே உயர்த்தப்படுவார். முதல் குழுவில் ஒரு வீரர் இருக்கும் வரை அக்குழுவிலுள்ள பிறரைத் தெரிவு செய்ய முடியாது. குடியரசுத் தலைவர் ஒபாமா 2010 மே மாதம் இம்முறையைப் பின்பற்றுமாறு துறைகளைப் பணித்தார். பெயரளவில் மென்மையாகத் தோன்றினும், 5 மதிப்பெண் என்ற அளவீட்டைவிட வீரருக்கு இது பல வேளைகளில் வலிமையான பிடியைத் தருகின்றது. 94 பெற்றவரும் 84 பெற்றவரும் ஒரே குழுவில் இருப்பின், 84 பெற்ற வீரருக்கே முதலிடம். மூவர் விதியைச் சட்டத்திலிருந்து நீக்கும் திருத்தம் 2018 இல் நிறைவேறியது.

துறைக்குள் நிகழும் பதவி உயர்வுக்கும், உயர் நிருவாகப் பணி எனப்படும் தலைமைப் பதவிகளுக்கும் முன்னுரிமை பொருந்தாது.

மாசச்சூசெட்ஸ் வழக்கு

முன்னுரிமைச் சட்டங்களுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்குகளுள் முதன்மையானது மாசச்சூசெட்ஸ் மாநிலப் பணியாளர் நிருவாகி எதிர் ஃபீனி என்பதாகும். இதில் 1979 சூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1884 முதலே முன்னுரிமைச் சட்டம் இருந்தது. 1895 இல் தேர்வே எழுதாமல் வீரரை நியமிக்க வகை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே அம்மாநில உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாது என அறிவித்தது. அதன் பின் அதே 1896 இல் வந்த சட்டம் முழு முன்னுரிமையை ஏற்படுத்தியது. அதாவது, தேர்ச்சி பெற்ற வீரர் எத்தனை குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும் வீரரல்லாத அனைவருக்கும் மேலே வைக்கப்படுவார். இவ்வுரிமை வாழ்நாள் முழுவதற்கும் உரியது. எத்தனை முறையும் பயன்படுத்தலாம்.

ஹெலன் ஃபீனி 1963 இல் அம்மாநிலக் குடிசார் பாதுகாப்பு முகமையில் சுருக்கெழுத்து அறிந்த எழுத்தராகப் பணியில் சேர்ந்தவர். 1967 இல் தேர்வு மூலம் நிருவாகப் பதவிக்கு உயர்ந்தார். 1971 இல் பல் மருத்துவத் தேர்வாளர் வாரியத்தின் உதவிச் செயலர் பதவிக்கான தேர்வில் இரண்டாவது உயர்ந்த மதிப்பெண் பெற்றார். ஐந்து ஆண் படைவீரர்கள் அவருக்கு மேல் வைக்கப்பட, பட்டியலில் ஆறாம் இடத்திற்கு இறங்கினார். அவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற வீரர் நியமிக்கப்பட்டார். 1973 இல் மனநல மையம் ஒன்றின் நிருவாக உதவியாளர் பதவிக்குப் போட்டியிட்டபோது, 12 ஆண் படைவீரர்களுக்குப் பின்னே இடம் கிடைத்தது. அந்த 12 பேரில் 11 பேர் அவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள். 1975 இல் அவருடைய பணியிடம் நீக்கப்பட, பணியை இழந்து வழக்குத் தொடுத்தார்.

அக்காலத்தில் மாசச்சூசெட்சின் முன்னாள் படைவீரருள் 98 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் ஆண்கள். இது பெண்கள் தம் விருப்பத்தால் படையில் சேராமையால் மட்டும் விளைந்தது அன்று. 1948 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் படையில் பெண்களின் எண்ணிக்கைக்கு 2 விழுக்காடு என உச்ச வரம்பு விதித்திருந்தது. 1967 இல்தான் அது நீக்கப்பட்டது. படையில் சேர விரும்பிய பெண்ணுக்கு ஆணைவிடக் கடுமையான தகுதி விதிகளும் இருந்தன. ஆகவே ஓர் அரசு அவரைப் படைக்கு வெளியே நிறுத்தியது. மற்றோர் அரசு படையில் இல்லாததைக் காரணமாக்கிப் பதவிக்கு வெளியேயும் நிறுத்தியது.

நடுவண் மாவட்ட நீதிமன்றம் இருமுறை ஃபீனிக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கியது. உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் அதனை மாற்றியது. நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய தீர்ப்பின்படி, சட்டம் வேறுபடுத்துவது வீரரையும் வீரரல்லாதாரையுமே அன்றி ஆணையும் பெண்ணையும் அன்று. பெண்களுக்குப் பாதிப்பு நேரும் எனச் சட்டமன்றம் முன்கூட்டியே அறிந்திருந்தது என்பது மட்டும் போதாது. அப்பாதிப்பை விரும்பியே சட்டம் இயற்றப்பட்டது என்று காட்டப்பட வேண்டும். நீதிபதி ஸ்டீவன்ஸ் தமது இணக்கக் குறிப்பில், இச்சட்டத்தால் பின்தள்ளப்படும் ஆண்கள் 18,67,000 பேர் என்றும் பெண்கள் 29,54,000 பேர் என்றும் எடுத்துக்காட்டி, இது ஆண்களை மட்டும் வளர்க்கும் சட்டம் எனக் கூற இயலாது என்றார்.

நீதிபதி தர்குட் மார்ஷல் மாறுபட்ட கருத்தை எழுதினார். நீதிபதி பிரென்னன் உடன்பட்டார். மார்ஷலின் வாதத்தில் வலிமையான பகுதி ஒன்று உண்டு. பெண்களையே கேட்டுப் பெறும் பணியிடங்களுக்கு இம்முன்னுரிமை பொருந்தாது என மாநிலச் சட்டம் நெடுங்காலம் விலக்கு அளித்திருந்தது. அப்பணியிடங்கள் பெரும்பாலும் கீழ்நிலை எழுத்தர், செயலர் பணிகளே. பெண்கள் எங்கு இருக்க வேண்டும் என்பதைச் சட்டமன்றம் எண்ணியே செயற்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். கூடுதல் மதிப்பெண், கால வரம்பு போன்ற மென்மையான வழிகள் இருக்க, முழு முன்னுரிமை தேவையில்லை என்றும் அவர் கருதினார்.

பெண்ணுரிமை வழக்கு என்ற எல்லையைக் கடந்து இத்தீர்ப்பு செல்வாக்குப் பெற்றது. ஒரு சட்டத்தின் விளைவு சமமற்றதாக இருப்பது மட்டும் போதாது, நோக்கமும் காட்டப்பட வேண்டும் என்ற கோட்பாட்டிற்கு இனப் பாகுபாடு தொடர்பான வழக்குகளிலும் இதுவே மேற்கோளாகக் காட்டப்படுகின்றது.

மாநிலங்கள் தம் மண்ணிலிருந்து படைக்குச் சென்றோருக்கு மட்டும் சலுகை அளிக்கலாமா என்பது வேறொரு வழக்கில் முடிவாயிற்று. நியூயார்க் மாநிலம் படையில் சேரும்போது அங்கு வசித்தோருக்கே கூடுதல் மதிப்பெண் அளித்தது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து படைக்குச் சென்று பின்னர் நியூயார்க்கில் குடியேறிய இருவர் தொடுத்த வழக்கில், 1986 இல் உச்ச நீதிமன்றம் அந்நிபந்தனையைச் செல்லாது என்றது.

மாற்றும் முயற்சிகள்

குடியரசுத் தலைவர் கார்ட்டரின் அரசு 1978 ஆம் ஆண்டின் குடிசார் பணிச் சீர்திருத்தத்தின்போது, ஊனமில்லாத வீரர்களின் முன்னுரிமைக்குக் கால வரம்பு விதிக்க முயன்றது. பெண்களும் சிறுபான்மையினரும் அரசுப் பணியில் நுழைய இது வழிவிடும் என வாதிடப்பட்டது. அமெரிக்கன் லீஜியன் முதலிய படைவீரர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. காங்கிரசு அப்பகுதியை நீக்கிவிட்டே சட்டத்தை நிறைவேற்றியது. 2016 இல் மேலவையின் பாதுகாப்புச் செலவு வரைவில், நடுவண் அரசில் முதன்முறை பணியேற்கும்போது மட்டும் முன்னுரிமை என்ற விதி சேர்க்கப்பட்டது. இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

எதிர்த் திசையில், 1998 ஆம் ஆண்டுச் சட்டம் முன்னுரிமை மறுக்கப்பட்ட வீரர் தொழிலாளர் துறையிடம் முறையிடவும், பின்னர் தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியத்திற்கு மேல்முறையீடு செய்யவும் வழி செய்தது. அதற்கு முன்பு உரிமை ஏட்டில் இருந்ததே தவிர, அதனை நிலைநாட்ட எளிய வழி இருக்கவில்லை. ஈராக், ஆப்கானித்தான் போர்களிலிருந்து திரும்பியோரின் வேலையின்மையைக் கருதி 2009 நவம்பரில் ஒபாமா வெளியிட்ட நிறைவேற்று ஆணை, துறைகள்தோறும் படைவீரர் வேலைவாய்ப்பு அலுவலகங்களை ஏற்படுத்தியது. 2010களின் நடுப்பகுதியில் நடுவண் ஊழியருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் முன்னாள் படைவீரராக இருந்தனர். நாட்டின் மொத்த உழைப்பாளரில் அவர்களின் பங்கு இதைவிட மிகக் குறைவு.

படையின் அமைப்பும் மாறிவிட்டது. 2020களின் தொடக்கத்தில் செயற்பணிப் படையினருள் பெண்கள் 17 விழுக்காட்டிற்கு மேல் இருந்தனர். ஃபீனி வழக்கின் காலத்தில் இருந்த கடும் ஏற்றத்தாழ்வு இதனால் குறைந்துள்ளது, ஆனால் நீங்கவில்லை.

ஆட்குறைப்பு

முறைப்படி ஆட்குறைப்பு நிகழும்போது ஊழியர்கள் பணியின் நிலைத்தன்மை, படைவீரர் முன்னுரிமை, பணிக்காலம், செயல்திறன் மதிப்பீடு என்ற நான்கு கூறுகளைக் கொண்டு வரிசைப்படுத்தப்படுவர். ஒரே நிலைத்தன்மை உடைய பிரிவிற்குள் 30 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுடைய வீரர் முதலிலும், பிற வீரர் அடுத்தும், வீரரல்லாதார் இறுதியிலும் வைக்கப்படுவர். நீக்கம் இறுதியிலிருந்து தொடங்கும். இதனால் இருபது ஆண்டு பணியாற்றிய ஒருவர் நீக்கப்பட்டு, அண்மையில் நிலைபெற்ற வீரர் தங்குவதும் நேரக்கூடும்.

இப்பாதுகாப்பு ஆட்குறைப்பு விதிகளின் கீழ் நடக்கும் நீக்கத்திற்கே உரியது. 2025 இன் தொடக்கத்தில் நடுவண் அரசு தகுதிகாண் பருவத்தில் இருந்த ஊழியர்களைப் பெருமளவில் நீக்கியபோது அவ்விதிகள் பின்பற்றப்படவில்லை. நீக்கப்பட்டோருள் முன்னுரிமையின் வழியே அண்மையில் பணியேற்றிருந்த முன்னாள் படைவீரர்களும் இருந்தனர். இந்நீக்கங்களை எதிர்த்து நடுவண் நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டன.